நொய்யல் தண்ணீரும் எம்ஷர் தண்ணீரும்: ஒன்பதாம் வகுப்போடு ஓர் ஆண்டு

எங்களோடு சேர்ந்து தண்ணீர் மாசுத் திட்டம் நடத்திய ஜெர்மன் பள்ளிக்கும் எங்களுக்கும் முதல் உரசல் ஓர் எண்ணில்தான் வந்தது. எங்கள் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி, வீட்டுக்குப் பக்கத்திலுள்ள போர்வெல் தண்ணீரில் கரைந்த உப்பை அளந்து, பொது அட்டவணையில் 1,550 என்று எழுதியிருந்தாள். அங்கிருந்து ஒரு பையன் ஒரே வரியில் பதில் போட்டான்: "இது தவறாக இருக்கலாம், அலகு என்ன?" வணக்கம் இல்லை, நலமா இல்லை.

"நாம பொய் சொல்றோம்னு நெனைக்கிறானுங்களா டீச்சர்?" என்று கேட்டாள். கண் கலங்கிவிட்டது.

எனக்கும் சுருக்கென்றுதான் இருந்தது. ஆனால் அலகு எழுதாமல் விட்டது நாங்கள்தானே? அன்று சாயந்திரம் ஆய்வகத்தில் அதே தண்ணீரை இன்னொரு மீட்டரில் வைத்துப் பார்த்தோம். 2,170 காட்டியது. மூன்றாவதாகப் பக்கத்துப் பள்ளியிலிருந்து வாங்கி வந்த மீட்டர், 3,100. ஒரே டம்ளர், ஒரே தண்ணீர், மூன்று எண்கள். வகுப்பே சிரித்தது. அந்தச் சிரிப்பில்தான் எங்கள் திட்டம் உண்மையில் தொடங்கியது என்று இப்போது தோன்றுகிறது.

விஷயம் இதுதான். கடையில் விற்கும் டி.டி.எஸ். பேனா, அதாவது கரைந்த உப்பைக் காட்டும் பேனா மாதிரியான மீட்டர், தண்ணீரில் உள்ள உப்பை எடை போடுவதில்லை. இரண்டு முனைகளுக்கு நடுவே மின்சாரம் எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்று பார்த்து, அந்த மின்கடத்தும் திறனை ஏதோ ஓர் எண்ணால் பெருக்கிக் காட்டுகிறது. ஒரு கம்பெனிக்காரர் 0.5 போட்டிருப்பார், இன்னொருவர் 0.7. மூன்றாவது மீட்டர் பெருக்கவே இல்லை, மைக்ரோசீமன்ஸ் அலகில் மின்கடத்தும் திறனை அப்படியே காட்டியது. 3,100-ஐப் பாதியாக்கினால் 1,550. அதையே 0.7-ஆல் பெருக்கினால் 2,170. இந்தியக் குடிநீர்த் தரம் ஐ.எஸ். 10500 சொல்லும் அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம், வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம். ஆக ஒரு பேனாவில் அந்தத் தண்ணீர் பாஸ், இன்னொரு பேனாவில் ஃபெயில்.

இரண்டு நாட்டுப் பள்ளிகள் சேர்ந்து தண்ணீர் மாசு பற்றி ஏதாவது செய்யலாம் என்று நினைக்கும் ஆசிரியர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். எங்கள் திட்டம் அப்படியொன்றும் பெரிய வெற்றி இல்லை. ஆனால் எங்கெங்கே இடறினோம் என்று தெளிவாகத் தெரியும்.

எங்கள் பள்ளி திருப்பூர் மாவட்டத்தில், ஒரத்துப்பாளையம் அணைக்கு மேலே சில கிலோமீட்டர் தள்ளி, நொய்யலை ஒட்டி இருக்கிறது. அரசுப் பள்ளி, தமிழ் வழி. எங்கள் பழைய மாணவர் ஒருவர் ஜெர்மனியின் ரூர் பகுதியில் வேலை பார்க்கிறார். அவர் மகள் படிக்கும் பள்ளியின் ஆசிரியை, இந்தியப் பள்ளி ஒன்றோடு சேர்ந்து சுற்றுச்சூழல் பாடம் நடத்த ஆசைப்படுவதாகச் சொல்லி இணைத்துவிட்டார். 2022 ஜூனில் நடந்தது இது.

அந்த அம்மா அனுப்பிய முதல் வரைவைப் படித்தபோது எனக்கு என்னவோ போல இருந்தது. நொய்யலைப் பற்றி அவர்கள் படிப்பார்களாம். எங்கள் பிள்ளைகள் படமும் தகவலும் அனுப்ப வேண்டுமாம். கடைசியில் அவர்கள் கேக் சுட்டு விற்று, அந்தப் பணத்தில் எங்கள் பள்ளிக்கு ஒரு வடிகட்டி வாங்கித் தருவார்களாம். நல்ல மனசுதான், குறை சொல்ல முடியாது. ஆனாலும் அவர்கள் டாக்டர், நாங்கள் நோயாளி என்கிற கணக்கு. வெளிநாட்டுப் பள்ளியாயிற்றே என்று முதலில் சரி சரி என்று தலையாட்டிவிட்டேன். இரண்டு நாள் மனதில் அரித்துக்கொண்டே இருந்தது. அப்புறம் ஒரே ஒரு கேள்வி எழுதினேன்: "உங்கள் ஊரில் ஆறு எதுவும் இல்லையா?"

பதில் நீளமாக வந்தது. இருக்கிறது, பெயர் எம்ஷர். டோர்ட்முண்ட் பக்கம் ஹோல்ட்ஸ்விக்கடெ என்ற ஊரில் பிறந்து ரைனில் போய்க் கலக்கும் சின்ன ஆறு. சின்னதுதான், ஆனால் நூறு வருஷத்துக்கு மேல் அது ஆறே இல்லை, சாக்கடை. நிலக்கரிச் சுரங்கம் தோண்டத் தோண்ட மேலே தரை அமுங்கிக்கொண்டே வந்ததாம். பூமிக்கடியில் குழாய் பதித்தால் உடைந்துவிடும். அதனால் ஆற்றையே நேராக்கி, கான்கிரீட் தொட்டியாக்கி, ஊர்க் கழிவையும் ஆலைக் கழிவையும் அதில் திறந்துவிட்டார்கள். இதை நிர்வகிக்க 1899-இலேயே ஒரு கூட்டமைப்பு உண்டானது. ஊர்க்காரர்கள் அந்த ஓடைகளுக்கு வைத்த பெயர் 'கோட்டல்பெக்கே'. தமிழில் சொன்னால் பீ ஓடை. ஆசிரியை கூச்சப்பட்டுக்கொண்டே எழுதியிருந்தார். இதை வகுப்பில் சொன்னதும் எங்கள் பிள்ளைகளுக்கு ஜெர்மனி மீது இருந்த பயம் பாதி போய்விட்டது.

1990-களின் தொடக்கத்தில் அதைத் திரும்ப ஆறாக்குவது என்று முடிவெடுத்து, டோர்ட்முண்டிலிருந்து டின்ஸ்லாக்கன் வரை 51 கிலோமீட்டருக்கு, சில இடங்களில் 40 மீட்டர் ஆழத்தில், தனிக் கழிவுநீர்க் குழாய் போட்டார்கள். 2021 முடிவில்தான் ஆற்றில் சாக்கடை விழுவது நின்றது. முப்பது வருஷம், ஏறக்குறைய 550 கோடி யூரோ.

இங்கே எங்கள் கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். வெள்ளியங்கிரி மலையில் பிறக்கும் நொய்யல், கோவை, திருப்பூர் தாண்டி, கரூர் மாவட்டத்தில் நொய்யல் என்ற பெயருள்ள ஊரிலேயே காவிரியில் சேருகிறது. பாசனத்துக்கென்று 1992-இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயத்தண்ணீர்த் தொட்டியாகிப்போனது. அணையில் தண்ணீரைத் தேக்காதீர்கள் என்று பாசன விவசாயிகளே கோர்ட்டுக்குப் போன கதை வேறெந்த ஊரிலாவது உண்டா தெரியவில்லை. கடைசியில் 2011 ஜனவரி 28 அன்று, கழிவை ஒரு சொட்டும் வெளியே விடாத நிலைக்கு வரும்வரை திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை எல்லாம் மூடும்படி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. எங்கள் பிள்ளைகளில் பலர் அப்போது கைக்குழந்தைகள். 'ஜீரோ டிஸ்சார்ஜ்' என்ற சொல் மட்டும் எல்லார் வாயிலும் இருக்கிறது.

ஆக இரண்டு பக்கமும் சொல்ல வெட்கப்படும் ஓர் ஆறு கிடைத்துவிட்டது. வடிகட்டி யோசனையைக் கைவிட்டோம். அவரவர் ஊர்த் தண்ணீரை அவரவர் அளப்பது, அடுத்தவர் கேட்கும் கேள்விக்குப் பதில் தேடுவது என்று ஒப்பந்தம். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். அந்தப் பக்கமும் தன் அழுக்கை மேசைமேல் வைக்கத் தயாரா என்று முதல் கடிதத்திலேயே கேட்டுவிடுங்கள். இல்லை என்றால் நாசூக்காக விலகிக்கொள்ளலாம், நஷ்டம் இல்லை.

அடுத்து, எதை அளப்பது? 'தண்ணீர் மாசு' என்று தலைப்பு வைத்தால் கடலில் கரண்டியை விட்ட மாதிரி. ஜெர்மன் ஆசிரியை நைட்ரேட், பாஸ்பேட், கரைந்த ஆக்சிஜன், பூச்சிப்புழுக்கள் என்று ஒரு முழம் பட்டியல் வைத்திருந்தார். கல்லைப் புரட்டி அடியில் ஒட்டியிருக்கும் புழுக்களை எண்ணி ஆற்றின் தரம் சொல்லும் வழக்கம் அவர்களிடம் நூறு வருஷத்துக்கு மேலாக உண்டு. எங்களிடம் இருந்ததோ இரண்டு பேனா மீட்டர், அமிலத்தன்மை பார்க்கும் பி.எச். தாள், ஒரு தெர்மாமீட்டர். யாரிடம் குறைவாக இருக்கிறதோ அவர்கள் கருவியில்தான் பொது அளவீடு இருக்க வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். அப்படித்தான் உப்பு என்று முடிவானது. வெப்பநிலை, பி.எச்., மின்கடத்தும் திறன். அவ்வளவுதான். புழுக்களை அவர்கள் தனியாக எண்ணிக்கொள்ளட்டும்.

உப்பைத் தேர்ந்தெடுக்க எனக்கு இன்னொரு காரணமும் இருந்தது. மாசு என்றாலே எங்கள் பிள்ளைகளுக்கு நிறம். சிவப்பாக ஓடினால் அழுக்கு, தெளிவாக இருந்தால் சுத்தம். பருத்தித் துணியில் சாயம் ஏற வேண்டுமானால் சாயத் தொட்டியில் லிட்டருக்குப் பல பத்து கிராம் உப்புப் போட வேண்டும். சாயத்தில் பெரும்பகுதி துணியில் தங்கும், உப்பு தங்காது. அலசுகிற தண்ணீரோடு அத்தனையும் வெளியே வந்துவிடும். நிறத்தைப் பெருமளவு எடுக்கச் சாதாரணச் சுத்திகரிப்பு போதும். உப்பை எடுக்க ஆர்.ஓ. வேண்டும், மிச்சத்தைக் காய்ச்சி வற்றவைக்க வேண்டும். அதற்குத்தான் அத்தனை செலவு.

இதைக் கரும்பலகையில் எழுதினால் யாருக்கும் ஏறாது. ஒரு நாள் மேசைமேல் இரண்டு கண்ணாடி டம்ளர் வைத்தேன். ஒன்றில் கேன் தண்ணீரில் நாலு சொட்டு பீட்ரூட் சாறு, சிவப்பு. இன்னொன்றில் அதே தண்ணீரில் உப்பு கலக்கியது, பளிங்கு மாதிரி. எதை ஆற்றில் விடலாம் என்று கேட்டேன். எல்லாக் கையும் தெளிந்த டம்ளரைக் காட்டின. பேனாவை வைத்தோம். சிவப்பு டம்ளரில் நூறுகூடத் தாண்டவில்லை. தெளிந்த டம்ளரில் எண் ஏறிக்கொண்டே போய் நாலாயிரத்துச் சொச்சத்தில் நின்றது. பின்வரிசையில் ஒரு பையன், "அப்ப வெள்ளையா ஓடறப்பத்தான் பயப்படோணுமா?" என்றான். சாயம் மட்டுமே மாசு என்ற எண்ணம் அன்றோடு போனது. சாயமும் தன் பங்குக்குக் கெடுதல்தான் என்று அப்புறம் தனியாகச் சொல்ல வேண்டியிருந்தது. இல்லாவிட்டால் அடுத்த தப்பெண்ணம் ஒட்டிக்கொள்ளும்.

மீட்டர் சண்டைக்கு வருகிறேன். எல்லா அளவையும் மைக்ரோசீமன்ஸில் எழுதுவது, பெருக்கிய எண்ணே வேண்டாம் என்று முடிவு செய்தோம். எங்கள் பேனாக்களில் ஒன்றில் பட்டனை மூன்று விநாடி அழுத்தினால் அலகு மாறும் என்பதே அன்றுதான் தெரிந்தது. மறுபடியும் சந்தேகம்: அவர்கள் மீட்டரும் எங்கள் மீட்டரும் ஒரே மாதிரி காட்டும் என்பதற்கு என்ன உத்தரவாதம்? இதற்குப் பைசா செலவில்லாத ஒரு வழி இருக்கிறது. பள்ளி ஆய்வகத்தில் பொட்டாசியம் குளோரைடு இருக்கும். 0.746 கிராம் எடுத்து, காய்ச்சி வடித்த தண்ணீரில் கரைத்து ஒரு லிட்டராக்கினால், 25 டிகிரியில் அதன் மின்கடத்தும் திறன் 1,413 மைக்ரோசீமன்ஸ். உலகத்தில் எங்கே கலக்கினாலும் அதுதான். எங்களிடம் மில்லிகிராம் தராசு இல்லை. திருப்பூரில் தெரிந்த நகைக்கடைத் தராசில் நிறுத்துப் பொட்டலம் கட்டி வாங்கி வந்தோம். அவர்கள் அங்கே கலக்கினார்கள், நாங்கள் இங்கே கலக்கினோம். எங்கள் பேனா 1,380 காட்டியது, அவர்களுடையது 1,420. சரி, இந்த அளவு வித்தியாசத்தோடு பேசலாம் என்று இரு பக்கமும் ஒத்துக்கொண்டது. கடினத்தன்மையை எழுதலாமா என்று ஒரு பேச்சு வந்தபோது, அவர்கள் 'ஜெர்மன் டிகிரி' என்ற ஒன்றில் எழுதுவது தெரிந்தது. ஒரு டிகிரி என்பது நம் கணக்கில் லிட்டருக்குச் சுமார் 17.8 மில்லிகிராம் கால்சியம் கார்பனேட். வேண்டாம் சாமி என்று அதை அப்படியே விட்டுவிட்டோம்.

நாள்காட்டி இன்னொரு தலைவலி. நம் பள்ளி ஜூனில் திறக்கிறது. அவர்களுக்கு அந்த வருஷம் ஜூன் கடைசியில் கோடை விடுமுறை தொடங்கி ஆகஸ்ட் ஆரம்பம் வரை போனது. அவர்கள் திரும்பி வந்து சூடு பிடிக்கும்போது நமக்குக் காலாண்டுத் தேர்வு. நமக்குத் தேர்வு முடிந்தால் அவர்களுக்கு அக்டோபரில் இரண்டு வாரம் லீவு. அப்புறம் தீபாவளி. ஆக ஜூனில் பேசி வைத்த திட்டத்தில் முதல் உருப்படியான மாதிரி நவம்பரில்தான் எடுத்தோம். இரண்டு நாள்காட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிப் பார்த்தால், வருஷத்தில் இரு பக்கமும் நிம்மதியாக இருக்கும் வாரங்கள் பதினாறோ பதினேழோதான் தேறும். முதல் நாளே அதை ஒட்டிப் பார்த்திருக்க வேண்டும்.

நேர விஷயத்தில் அதைவிட மோசமாக ஏமாந்தோம். அக்டோபர் கடைசி வாரத்தில் முதல் வீடியோ அழைப்பு. நமக்கு மதியம் இரண்டரை, அவர்களுக்குக் காலை பதினொன்று. அடுத்த வியாழக்கிழமையும் அதே நேரம் என்று சொல்லிவிட்டுக் கலைந்தோம். நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அக்டோபர் கடைசி ஞாயிறு அங்கே எல்லாரும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவைப்பார்கள். எங்களுக்கு அது தெரியாது, அவர்களுக்கு அது எங்களுக்குத் தெரியாது என்பது தெரியாது. இரண்டரைக்கு நாற்பது பிள்ளைகளை உட்காரவைத்துக்கொண்டு வெறும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அங்கே மணி பத்துதான், பிள்ளைகள் கணக்கு வகுப்பில். மூன்றரைக்கு அவர்கள் வந்தபோது எங்களில் பாதிப் பேருக்கு டவுன் பஸ் கவலை வந்துவிட்டது. அதிலிருந்து நேரத்தை எப்போதும் இரண்டு ஊர்க் கணக்கிலும் எழுதினோம்.

அந்த முதல் அழைப்பே சொதப்பல்தான். "கேள்வி இருந்தால் கேளுங்கள்" என்றார் அந்த ஆசிரியை. எங்கள் பக்கம் ஊசி விழுந்தால் கேட்கும். வகுப்பறையில் இருபது கூத்துகள் செய்யும் பயல்கள்கூட பெஞ்சுக்கு அடியில் போகாத குறை. ஆர்வமே இல்லை போலிருக்கிறது என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள். எல்லார் முன்னாலும் இங்கிலீஷில் தப்பு விட்டுவிடுவோமோ என்ற பயம்தான் காரணம். டீச்சர் இருக்கும்போது முந்திக்கொண்டு பேசுவது மரியாதை இல்லை என்ற பழக்கமும் சேர்ந்துகொண்டது. இங்கிலீஷ் அந்தப் பிள்ளைகளுக்கும் பாடத்தில் படித்த மொழிதான், அவர்களும் திணறத்தான் செய்தார்கள். இதைக் கண்ணால் பார்த்தபிறகே எங்கள் பக்கம் வாய் திறந்தது. பெரிய கூட்டமாக உட்காரவைப்பதை விட்டுவிட்டு நாலு நாலு பேராகப் பிரித்தோம். முதல் நாளே வாய்ஸ் மெசேஜில் கேள்வியை அனுப்பிவிடுவது, மறுநாள் அழைப்பில் அதற்குப் பதில் மட்டும். சொல் தெரியாத இடத்தில் பொருளைத் தூக்கிக் காட்டலாம்.

அப்படித் தூக்கிக் காட்டியதில்தான் எனக்கு மிகப் பிடித்த உரையாடல் நடந்தது. ஒரு பெண் தன் வீட்டு அடுப்படியைப் படம் பிடித்திருந்தாள். வலப்பக்கம் ஒரு குடம், அது நல்ல தண்ணி. இடப்பக்கம் ஒரு பிளாஸ்டிக் டிரம், அது உப்புத் தண்ணி. கேன் தண்ணி தனி. சோறு வைக்க எது, பாத்திரம் கழுவ எது, விருந்தாளிக்கு எது என்று விளக்கினாள். அந்தப் பக்கம் வாயைப் பிளந்தார்கள். அவர்கள் வீட்டில் ஒரே குழாய். குடிப்பதும் அதுதான், கக்கூஸுக்குப் போவதும் அதுதான். "குடிக்கிற தண்ணீரையா கக்கூஸுக்கு ஊத்தறாங்க?" என்று எங்கள் வகுப்பு அதைவிட அதிகமாக வாயைப் பிளந்தது. பாடப்புத்தகத்தில் இதற்கு எந்த இயலில் இடம்?

மாதிரி எடுக்கப் போன கதைக்கு வருவோம். ஆற்றுக்குள் யாரும் இறங்கக் கூடாது, இதில் எங்கள் ஹெச்.எம். கறார். பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டிய வாளிதான். ஓரத்தில் தேங்கியதை அள்ளக் கூடாது, நடு ஓட்டத்தில் விட வேண்டும். அதே ஆற்றுத் தண்ணீரில் பாட்டிலை மூன்று தரம் அலசிவிட்டு, காற்றுக் குமிழி இல்லாமல் கழுத்துவரை நிரப்பி மூட வேண்டும். வெப்பநிலையை அங்கேயே, அந்த நிமிஷமே எழுத வேண்டும். பள்ளிக்குக் கொண்டுவந்து அளந்தால் அது ஆற்றின் வெப்பநிலை அல்ல, சைக்கிள் கூடையின் வெப்பநிலை. கையுறை போடச் சொன்னால் பையன்களுக்குச் சிரிப்பு. போட்ட பிறகு தாங்களே டாக்டர் என்ற நினைப்பு.

முதல் நாள் பாலத்தில் ஆடு ஓட்டிக்கொண்டு வந்த பெரியவர் நின்று பார்த்தார்.

"ஏங்கண்ணு, இந்தத் தண்ணியப் போய் எதுக்கு பாட்டில்ல புடிக்கறீங்க?"

"உப்பு பாக்கறதுக்குங்க தாத்தா."

"அதுக்கு எதுக்கு மிசினு? எங்க தென்னையில எளநி வெட்டிக் குடிச்சுப் பாரு. ஒரு காலத்துல எளநியே கரிக்கும்." சொல்லிவிட்டு, எந்த வருஷத்தில் எந்தக் கிணறு முதலில் போனது, யார் மாட்டை விற்றார்கள், யார் பனியன் கம்பெனிக்கு வாட்ச்மேனாகப் போனார்கள் என்று முக்கால் மணி நேரம் பேசினார். ஆடுகள் பாலத்தைத் தாண்டிப் போய்விட்டன. ஒரு பெண் நோட்டில் அத்தனையும் எழுதிக்கொண்டாள். எங்கள் எண்கள் ஒரே மழைக்காலத்தைத்தான் சொன்னன, அவர் முப்பது வருஷத்தைச் சொன்னார். அடுத்த தரம் செய்தால் பெரியவர்களிடம் கேட்பதைத் திட்டத்திலேயே முதல் மாதத்தில் வைப்பேன்.

இன்னொரு நாள் பைக்கில் வந்த இருவர் வண்டியை நிறுத்திவிட்டு, "யாருங்க நீங்க, பத்திரிகையா? யாரு அனுப்பிச்சது?" என்று கேட்டார்கள். குரல் அவ்வளவு நன்றாக இல்லை. பள்ளிக் கடிதத்தைக் காட்டினேன், போய்விட்டார்கள். அன்றிலிருந்து பஞ்சாயத்துத் தலைவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் போனோம். அட்டவணையில் இடத்தின் பெயரோ எந்த ஆலையின் பெயரோ வராது. பாலம் 1, பாலம் 2, கிணறு 3. யாரையும் மாட்டிவிடுவது எங்கள் வேலை இல்லை. ஒரு பேனா மீட்டரை வைத்துக்கொண்டு இன்னார்தான் காரணம் என்று சொல்லவும் முடியாது. பிள்ளைகளுக்கு இது பிடிக்கவில்லை. "தெரிஞ்சும் சொல்லாம இருக்கறதா?" என்று கேட்டார்கள். எனக்கும் முழுத் திருப்தி இல்லைதான். ஆனால் சாயந்திரம் அந்தப் பாலம் வழியாகத்தான் அவர்கள் வீட்டுக்குப் போக வேண்டும்.

போட்டோவில் ஒரு தவறு செய்தோம், அது என் பொறுப்பு. வீடியோ அழைப்பை ஸ்கிரீன்ஷாட் எடுத்து எங்கள் பக்கத்தில் ஒருவர் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்துவிட்டார். இங்கே அது பெருமை. அங்கே பெற்றோர் எழுத்தில் சம்மதிக்காமல் குழந்தை முகத்தை வெளியிடுவது சட்டச் சிக்கல். மரியாதையான, ஆனால் விறைப்பான கடிதம் வந்தது. உடனே எடுத்துவிட்டு மன்னிப்புக் கேட்டேன். அதற்கப்புறம் கையையும் பாட்டிலையும் மட்டும்தான் படம் பிடித்தோம். பிறகு யோசித்தால், நம் பிள்ளைகள் முகத்தை நாம் மட்டும் ஏன் கேட்காமல் போட்டுக்கொண்டிருக்கிறோம்? இப்போது இங்கேயும் கையெழுத்து வாங்குகிறேன்.

டிசம்பரில் ஓர் அழைப்பு. அந்தப் பக்கம் ஒரு பெண் தன் டி-சர்ட் காலரைத் திருப்பி லேபிளைக் காட்டினாள். மேட் இன் இந்தியா. "உங்கள் ஆற்றைப் பற்றித் தெரிந்த பிறகு இதை இனி வாங்க மாட்டேன்" என்றாள். மனதாரத்தான் சொன்னாள். எங்கள் பக்கம் யாரும் பேசவில்லை. அழைப்பு முடிந்ததும் ஒரு பையன் வந்தான். பனியன் கம்பெனியில் அப்பா டெய்லர், அம்மா செக்கிங். "அவங்க வாங்கலைன்னா எங்கம்மாவுக்கு ஷிப்டு இருக்காதுங்களே டீச்சர்."

என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. நீயே எழுது என்றேன். அவன் எழுதியது நாலு வரி. அந்தச் சட்டைக்கு எவ்வளவு கொடுத்தாய்? அதில் தண்ணீரைச் சுத்தம் செய்த செலவு எவ்வளவு என்று கடையில் கேட்டாயா? இன்னும் கொஞ்சம் விலை கூடினால் வாங்குவாயா? வாங்காமல் இருந்தால் ஆறு சுத்தமாகுமா, எங்கள் வீடு காலியாகுமா?

பதில் வரப் பத்து நாள் ஆனது. அந்தப் பெண் தன் தாத்தாவிடம் போய்ப் பேசியிருக்கிறாள். அவர் சுரங்கத் தொழிலாளி. ஜெர்மனியில் பூமிக்கடியில் தோண்டிய கடைசி நிலக்கரிச் சுரங்கம் 2018 டிசம்பரில், அவர்களுக்குப் பக்கத்து ஊரான பாட்ராப்பில் மூடப்பட்டது. ஆறு நாறியபோது எங்களுக்கு வேலை இருந்தது, இப்போது ஆறு நன்றாக இருக்கிறது, உன் மாமாவுக்கு வேலை இல்லை என்றாராம். ஆறு திரும்பவும் நாற வேண்டும் என்று சொல்கிறாரா என்று கேட்டதற்கு, அப்படியும் சொல்லவில்லை என்றாராம். கடிதம் அங்கேயே முடிந்திருந்தது. விலையைப் பற்றிய கேள்விக்கு மட்டும் பதில் இல்லை. பையன் அதைக் கவனித்தான்.

பொங்கல் விடுமுறை முடிந்து வந்து பார்த்தால் அவர்கள் அட்டவணையில் ஓர் எண் எகிறிக் கிடந்தது. ஆற்றில் சேரும் ஒரு சின்ன ஓடை, மாதக்கணக்காக ஒரே அளவில் இருந்தது, திடீரென்று மின்கடத்தும் திறன் இரண்டு மடங்குக்கு மேல். இந்தத் தரம் எங்கள் முறை. அந்த 1,550 பெண்தான் எழுதினாள்: "இது தவறாக இருக்கலாம், மீட்டரை 1,413-இல் சரிபார்த்தீர்களா?" மேலே மட்டும் அன்புள்ள நண்பருக்கு வணக்கம் என்று போட்டிருந்தாள். சரிபார்த்தாகிவிட்டது, எண் சரிதான் என்று பதில் வந்தது. அப்படியானால் என்னவாக இருக்கும், ஊகியுங்கள் என்றான் முன்பு அலகு கேட்ட அந்தப் பையன்.

எங்கள் வகுப்பு ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டது. அங்கேயும் ரகசியமாகச் சாயப்பட்டறையா? சுரங்கத்திலிருந்து உப்புத் தண்ணீரா? இந்த இரண்டாவது ஊகம் அவ்வளவு மோசமில்லை. மூடிய சுரங்கங்களில் ஊறும் உப்பு நீரை அங்கே என்றென்றைக்கும் இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும், நிறுத்தினால் அது மேலேறிக் குடிநீர் ஊற்றுகளில் கலந்துவிடும். அதற்கு அவர்கள் வைத்த பெயரே 'நித்தியச் சுமை' என்ற பொருளில்தான் இருக்கிறது. ஆனால் இது அது இல்லை. ஜனவரியில் தரை உறைந்து வழுக்கியதால் ரோட்டில் உப்பைக் கொட்டியிருக்கிறார்கள். பனி உருகி உப்போடு ஓடையில் இறங்கிவிட்டது. ரோட்டில் போட்டதும் சோடியம் குளோரைடு, சாயத் தொட்டியில் போடும் உப்புகளில் ஒன்றும் அதேதான். "ரோட்டுக்கு உப்புப் போடறாங்களா?" என்று நம்பமுடியாமல் கேட்டவனுக்கு அந்தப் பையன் உப்பு லாரியின் படத்தை அனுப்பினான். சுத்தமான நாடு என்று நினைத்த இடத்தில் கேள்வி கேட்கக் கிடைத்ததும் எங்கள் பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். எனக்கு அந்த வருஷத்தில் கிடைத்த சம்பளம் அது.

பிப்ரவரியில் சார்ட் பேப்பரில் எல்லாவற்றையும் வரைந்து பள்ளி வராந்தாவில் மாட்டினோம். பெற்றோர் கூட்டத்துக்கு வந்தவர்கள் நின்று பார்த்தார்கள். மறுநாள் காலை கேட்டில் ஒரு வரிசை. பெப்சி பாட்டில், தூக்குப்போசி, எண்ணெய்க் கேன், மருந்து சீசா. "எங்க கிணத்துத் தண்ணியையும் பாத்துச் சொல்லிப்போடுங்க டீச்சர்." பதினேழு பேர். இதை நான் திட்டமிடவே இல்லை, இருந்தும் திட்டமிட்டிருக்க வேண்டியது இதைத்தான்.

பிள்ளைகள் உற்சாகமாக அளந்து எண்ணைச் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். எண் குறைவாக வந்தவர்கள் முகத்தில் நிம்மதி. நான் நடுவில் புகுந்து நிறுத்த வேண்டியதாயிற்று. இந்தப் பேனாவுக்கு உப்பு மட்டும்தான் தெரியும். கிருமி இருந்தால் தெரியாது. உரத்திலிருந்து இறங்கும் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராம் என்ற வரம்பைத் தாண்டினாலும் தனியாகக் காட்டிக் கொடுக்காது. எண் குறைவு என்பதற்காகக் குடிக்கலாம் என்று நான் கையெழுத்துப் போட முடியாது. குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்துக்கு எப்படி மாதிரி கொடுப்பது என்று ஒரு தாளில் எழுதி ஆளுக்கொன்று கொடுத்தோம். சிலருக்கு ஏமாற்றம்தான்.

கடைசியில் நின்ற பாட்டி தூக்குப்போசியைத் திறந்தார். அளந்தோம், 60-கூட வரவில்லை. அந்த ஊரில் அப்படிக் கிணறே கிடையாது.

"பாட்டி, இது எந்தக் கெணறுங்க?"

"கெணறா? இது கேன் தண்ணி கண்ணு. மாசம் முந்நூறு ரூவா குடுக்கறேன். அதுல என்னதான் இருக்குதுன்னு பாக்கலாம்னு கொண்டாந்தேன்."

பையன் மீட்டரைத் திரும்பவும் நனைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "ஒண்ணுமே இல்லீங்க பாட்டி."

"ஒண்ணுமே இல்லாததுக்கா முந்நூறு?" என்று கேட்டபடி மூடியைத் திருகிக்கொண்டு கிளம்பினார்.